ஓரத்துக் கருப்பு

பெரியதுதான் வேண்டும் என்று திருமூர்த்தி சொல்லிவிட்டார். கண்ணாடி மேசைக்குள் துணி விரித்து வரிசையாகப் படுக்க வைத்திருந்த கறுப்புக் குழாய்களில் எது எல்லாவற்றையும்விடப் பருமனாக, முன்வாய் எவர்சில்வர் டம்ளர் அகலத்துக்கு விரிந்து கிடந்ததோ அதைக் காட்டி, "இதை எடப்பா, மத்ததெல்லாம் பூச்சியாட்டம் இருக்குது" என்றார். காட்டிய விரல் சரியாக அந்தக் குழாயின் மேல் விழவில்லை. அதற்கும் பக்கத்துக் குழாய்க்கும் நடுவிலிருந்த வெறுந்துணியின் மேல் விழுந்தது. எதைச் சொல்கிறார் என்று துப்பாக்கிக் கடைக்கார வின்சென்ட் குனிந்து பார்ப்பதற்குள், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் பெண்டாட்டி அம்சவேணி அதைப் பார்த்துவிட்டாள். பார்த்தவுடன் அடிவயிற்றில் சர்க்கரைத் தண்ணீர் இறங்கினாற்போல ஒரு இனிப்பு, அதன் பின்னாலேயே பயம். தெரியவில்லை, ஒரு முழத்தில் இருக்கிற பொருளே தெரியவில்லை, இதைக் கொண்டுபோய் மாட்டி என்னத்தைப் பார்க்கப்போகிறார், வாங்கட்டும், இருப்பதிலேயே பெரியதாக வாங்கட்டும், டம்ளர் என்ன, அண்டா அகலத்துக்குக் கிடைத்தாலும் வாங்கட்டும். "இது பெரிய ரைபிளுக்குப் போடறதுங்க்ணா," என்றான் வின்சென்ட். "உங்க பாயிண்ட் டூடூ துப்பாக்கிக்குத் தலப்பாரமாப் போயிரும். நாலு மடங்கு காட்டற ஸ்கோப்பு சின்னதா ஒண்ணு இருக்குது, கையடக்கமா உக்காரும்." "நாலு மடங்கா? என்ற பூதக்கண்ணாடியே அதுக்கு மேல காட்டும். ஏப்பா, தோப்புக்காரன்னா உனக்கு அவ்வளவு எளப்பமா?" "ஐயோ, அப்பிடியெல்லாம் இல்லீங்க்ணா." மேசைமேல் பச்சை விரிப்பில் உறை கழற்றிய துப்பாக்கி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டக் கிடத்தினாற்போல நீட்டிக்கொண்டு கிடந்தது. அம்சவேணிக்கு வரும்போது கேஸை மூடினோமா என்ற எண்ணம் வந்தது. மூடியிருப்போம், குமிழைத் திருகியது கையில் நினைவிருக்கிறது, ஆனால் அது நேற்றைய திருகலாகவும் இருக்கலாம், தினமும் திருகுகிற கைக்கு எந்தத் திருகல் எந்த நாளுடையது என்று எப்படித் தெரியும், பிரஷர் மாத்திரையும் போட்டோமா என்று தெரியவில்லை, காதோரம் நரம்பு ஒன்று துடித்துக்கொண்டே இருந்தது.

இத்தனையும் ஒரு நாய்க்காக. கடைக்காரனிடம் தென்னந்தோப்பில் குரங்குத் தொல்லை, இளநீரையெல்லாம் திருகிப் போடுகிறது, மிரட்டத்தான் என்று சொல்லியிருக்கிறார். குரங்கு வந்தால் வாலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போகிற ஆள். நாயைச் சுடுகிறேன் என்று கடையில் சொன்னால் போலீஸ் வருமாம், அது மட்டும் தெரிகிறது. பொட்டு என்று அதற்குப் பேர் வைத்தது அவள்தான், வைத்தது என்றுகூடச் சொல்ல முடியாது, உரித்த மட்டைக் குவியலில் யாரோ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன கறுப்புக் குட்டி, நெற்றியில் மட்டும் சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல ஒரு வெள்ளை, அதனால் பொட்டு. பாசம் என்றெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை. மீந்த சோற்றை மட்டைக் குவியலோரம் கவிழ்ப்பாள், அது தின்னும், அவ்வளவுதான், தடவிக்கூடக் கொடுத்ததில்லை, கையில் நாய் நாற்றம் ஒட்டினால் நாள் முழுக்கப் போகாது. ஆனால் அது அவரைக் கடித்த நாய். போன மாசியில் களத்தில் தேங்காய் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே வலது பக்கம் திரும்பி, படுத்துக்கிடந்த பொட்டுவின் வால்மேல் செருப்புக் காலை முழுசாக ஊன்றினார், அது திரும்பி ஆடுசதையைக் கவ்வியது, கவ்விவிட்டு ஓடக்கூட இல்லை, தள்ளி நின்று அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. ஆட்கள் இருந்தார்கள், சிரித்துவிட்டார்கள். அம்சவேணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மாட்டுச் சாளைக்குள் போய்விட்டாள். கல்யாணமாகி இந்தப் பொழுதுவரைக்கும் அந்த மனிதனைத் திருப்பிக் கடித்த உயிர் ஒன்று உண்டென்றால் அது அந்த நாய்தான், அவர் அப்பனில்லை, பங்காளியில்லை, பெற்ற மகள் இல்லை, அவள் இல்லவே இல்லை. கடித்துவிட்டு அது இன்னமும் அந்தத் தோப்பிலேயே வாலை ஆட்டிக்கொண்டு திரிகிறது, அவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்ச் சுட்டார், முதல் குண்டு தென்னையில் ஏறியது, இரண்டாவது தண்ணித் தொட்டியைத் துளைத்து இரண்டு நாள் ஒழுகியது, மூன்றாவது எங்கே போனது என்று தெய்வத்துக்குத்தான் தெரியும். ரைபிள் கிளப்பில் கேடயம் வாங்கியவர். கேடயம் இப்போதும் டிவிக்கு மேலே இருக்கிறது, அவள்தான் துடைக்கிறாள். "குறி போயிருச்சு," என்றார், "பழைய துப்பாக்கி, முன்குறி தேஞ்சு போச்சு, ஸ்கோப்பு போட்டன்னா நெத்தியில இருக்கற வெள்ளையிலயே எறக்குவன்." விஷம் வைக்கலாம் என்று பண்ணையத்து ஆள் ஒருவன் சொன்னதற்கு, "மருந்து வெச்சுக் கொல்றவன் பொட்டை" என்றுவிட்டார். சுட்டுத்தான் கொல்லவேண்டும், அதுவும் ஆட்கள் பார்க்க. நல்லது, அந்த வீம்பு இருக்கும்வரை அது பிழைத்துக்கிடக்கும்.

தேய்ந்தது குறி இல்லை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு மறுபடி உட்காரவைத்த நேரத்தில், என்னைக் குருடனாட்டம் வரிசையில உக்கார வெக்கறீங்களா என்று கத்திவிட்டு அவர் வெளியே டீக்கடைக்குப் போய்விட்டார். டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு, சர்க்கரை ஏறி வலது கண்ணுக்குள்ளே ரத்தம் இறங்கிவிட்டது, உள்ளே புகை அடைத்தாற்போல இருக்கும், இப்படியே விட்டால் அந்தக் கண் அவ்வளவுதான், எப்படியாவது கூட்டிக்கொண்டு வாங்கம்மா என்றாள். சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வந்து டீக்கடையில், "என்ன சொன்னா அவ?" என்று கேட்டவரிடம், "வயசாச்சுன்னாங்க" என்றாள். பொய்யில்லை, டாக்டரம்மா அதையும் சொன்னாள். அடுத்த நாள் சொல்லலாம் என்றிருந்தாள், அடுத்த நாள் அவர் குழம்பில் உப்பு அதிகம் என்று சட்டியோடு வாசலில் கவிழ்த்தார், சரி, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றிருந்தாள். அதற்கப்புறம் அந்தச் சேதி அவளுக்குள்ளேயே ஊறுகாயாட்டம் கிடந்து ருசியேறிப்போயிற்று. சாப்பிட உட்காரும்போது தண்ணீர்ச் சொம்பை இடது பக்கம் வைத்துவந்தவள் ஒரு நாள் வலது பக்கம் வைத்தாள், ஒரு சாண் தள்ளி. அவர் கை தரையைத் தடவியது. தடவி, கிண்ணத்தைத் தட்டி, மோரில் விரலை விட்டுக்கொண்டது. அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், "என்ன வேணுமுங்க?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். அப்புறம் செருப்பை வலது பக்கம் விட்டாள், சாவியை வலது ஆணியில் மாட்டினாள், மாத்திரை டப்பாவை, பேட்டரி விளக்கை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அந்தப் புகைக்குள் கொண்டுபோய் வைத்தாள். அவர் வீடு முழுக்கக் கத்திக்கொண்டு தேடினார், அவள் போய் எடுத்துக் கொடுத்தாள். பாவம் என்று தோன்றவில்லையா என்று சில சமயம் தன்னையே கேட்டுப் பார்ப்பாள், தோன்றுமா என்று கொஞ்சம் காத்திருந்தும் பார்ப்பாள், தோன்றாது. அந்த நாயும் இதைத் தெரிந்துகொண்டது, அதுதான் ஆச்சரியம், அவர் களத்துக்கு வந்தால் சரியாக வலது பக்கமாகவே சுற்றிக்கொண்டு போகும், அவர் கழியை ஓங்கிக்கொண்டு இடது பக்கமெல்லாம் தேடுவார். ஆக அந்தத் தோப்பில் இரண்டு பேருக்குத் தெரியும். இன்றைக்குச் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. வாயை மூடிக்கொண்டு இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. அவர் வாங்கட்டும், மாட்டட்டும், போய்ச் சுடட்டும், தென்னைக்கு இன்னும் நாலு ஓட்டை விழட்டும், குறியும் போய் ஸ்கோப்பும் போய்க் கடைசியில் குறை சொல்ல எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு நிற்கட்டும், பொட்டு தள்ளி நின்று பார்க்கட்டும். வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாத வேலையா.

"ரிங்கு நான் கொண்டாந்திருக்கறன்," என்றார் திருமூர்த்தி. "ஏய், எடு அதை." அம்சவேணி பைக்குள் கையை விட்டு மூக்குப்பொடி டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். அதற்குள் துணியில் சுற்றி இரண்டு இரும்பு வளையங்கள், கிளப்பில் யாரோ சிநேகிதன் கொடுத்தது, குழாயை இந்த வளையத்துக்குள் நுழைத்து, வளையத்தைத் துப்பாக்கியின் முதுகில் கடிக்கவிட்டுத் திருகவேண்டுமாம், நேற்று முழுக்க அதை உருட்டி உருட்டித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வின்சென்ட் டப்பாவை நீட்டிய அவள் கையைப் பார்த்தான், அவரும் பார்த்தார். பீச்சாங்கை. எப்போதும் அவசரத்தில் அதுதான் முதலில் வரும். "பாத்தியாப்பா, கழுவற கையில நீட்டறா," என்று சிரித்தார், "இத்தனை வருசம் ஆச்சு, இன்னும் இவளுக்குச் சோத்தாங்கை எது பீச்சாங்கை எதுன்னு வெளங்கல." வின்சென்ட் சிரிக்கவில்லை, சிரிக்காமலும் இல்லை, வாயை ஒரு மாதிரி வைத்துக்கொண்டான். அவளுக்குக் காது சூடாயிற்று. ஆறாவது படிக்கும்போது டீச்சர் அந்தக் கையின் முட்டியில் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து அடிப்பாள், சோத்தாங்கையில் எழுதினால் எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி போகும், அதற்கும் அடி, எந்தக் கையில் எழுதினாலும் அடி என்றானபின் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள், அப்புறம் போகவேயில்லை, யாரும் போ என்றும் சொல்லவில்லை. அம்மா கரண்டியை அடுப்பில் காயவைத்து அந்தப் புறங்கையில் ஒரு இழுப்பு இழுத்தாள், பொண்ணு பார்க்க வருகிற இடத்தில் மானம் போகும் என்று. மானம் அப்படியும் போயிற்று, மறுவீட்டு விருந்தில் அந்தக் கையால் அவர் இலையில் அப்பளத்தை வைத்துவிட்டாள், அவர் இலையை அப்படியே மடித்துவிட்டு எழுந்தார், சனமெல்லாம் பார்த்தது, பசியோடு எழுந்துபோன மாப்பிள்ளைக்கு மாமனார் வீடே போய்க் கும்பிட்டு நின்றது. அப்புறமும் எத்தனை இலை, எத்தனை தட்டு. ராத்திரியில் அவர் மேல் தெரியாமல் பட்டால்கூட எந்தக் கை என்று கேட்பார். இப்போது அந்தக் கையை மடியில் போட்டு மற்றக் கையால் மூடிக்கொண்டாள். உள்ளங்கை வேர்த்திருந்தது, சூட்டுத் தழும்பு மட்டும் வேர்க்காது, அது வழவழவென்று செத்த தோல்.

வின்சென்ட் அந்த வளையங்களைத் துப்பாக்கியின் முதுகில் வைத்துப் பார்த்தான், வைத்தவுடனே எடுத்தான். "இது சேராதுங்க்ணா. இது அகலமான பட்டை இருக்கற துப்பாக்கிக்குக் கடிக்கற ரிங்கு. உங்களுதுல பட்டை இல்ல, ரெண்டு பக்கமும் ஒடுக்கமாக் காடி வெட்டியிருக்கறாங்க பாருங்க, இதுக்குப் பிடி சின்னதா வேணும்." "காடியெல்லாம் எனக்குத் தெரியும்," என்றார் அவர், "இதுல என்ன, நல்லாத் திருகினாக் கடிச்சுக்கும்." "கடிக்காதுங்க்ணா, நாலு குண்டு சுட்டா நகந்துரும்." அவர் முகம் திரும்பியது, திரும்ப வேண்டிய இடத்துக்குத்தான் திரும்பியது. "ஏய், வேற டப்பாவை எடுத்துட்டு வந்துட்டயா நீ?" வீட்டில் வேறு டப்பாவே கிடையாது. "அதாங்க இருந்துச்சு," என்றாள். "இருந்துச்சு! கேட்டா இருந்துச்சும்பா. எந்தக் கருமத்தையும் வெச்ச எடத்துல வெக்கறதில்ல தம்பி, வீட்டுல ஒரு சாமானம் வெச்ச எடத்துல இருக்காது. பேய் வந்து நகத்தற மாதிரி நகந்துக்கிட்டே இருக்கும்." தெரிந்துவிட்டதா, தெரிந்துதான் சொல்கிறாரா, இல்லை, தெரிந்திருந்தால் இப்படிச் சொல்லிக்கொண்டு நிற்கமாட்டார், கை பேசியிருக்கும். வின்சென்ட் உள்ளே போய் மூன்று சோடி வளையம் கொண்டுவந்து வைத்தான், ஒன்று குட்டை, ஒன்று நடுத்தரம், ஒன்று நெட்டை. பெரிய வாய் ஸ்கோப்பு எடுத்தால் குழலில் இடிக்காமலிருக்க நெட்டை ரிங்குதான் போடவேண்டும், நெட்டை ரிங்கு போட்டால் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் உட்காராது, தலையை ஒட்டகமாட்டம் தூக்கிக்கொண்டு பார்க்கவேண்டும், கன்னம் ஆடினால் குறி ஆடும், அதனால்தான் சின்ன ஸ்கோப்பு, குட்டை ரிங்கு என்கிறேன் என்று அவன் பொறுமையாகச் சொல்லச் சொல்ல, அவள் மனசுக்குள் நெட்டை, நெட்டை என்று வேண்டிக்கொண்டிருந்தாள். நெட்டையை எடு, உனக்குப் பெருமை பெரியது, நெட்டையை எடு. ஒட்டகம் என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. "சரி, குட்டையவே போடு," என்று எதையோ தானம் கொடுப்பதுபோலச் சொன்னார். அட, இருக்கட்டும், குட்டையோ நெட்டையோ, புகைக்கு ஏது உயரம்.

சின்ன ஸ்கோப்பைக் குட்டை வளையங்களில் வைத்து, மேல்மூடியைப் போட்டு, திருகாணிகளை முழுசாக இறுக்காமல் குழாய் முன்னும் பின்னும் நகர்கிற அளவுக்கு மட்டும் விட்டு, வின்சென்ட் பின்கதவைத் திறந்தான். வெளியே சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு மாடி வீட்டின் தலையில் சிமெண்டுத் தொட்டி, தொட்டியின் விளிம்பில் கறுப்பாக ஏதோ ஒன்று. "இப்ப வந்து கண்ணை மூடிட்டு, நீங்க எப்பவும் வெக்கற மாதிரி கன்னத்தை வெச்சு, அப்பறமாக் கண்ணைத் தொறங்க்ணா. வட்டம் முழுசாத் தெரிஞ்சாச் சரி. ஓரத்துல கருப்பு வந்தாச் சொல்லுங்க, அது இருந்தாக் குண்டு வெலகிப் போயிரும், நான் முன்னால பின்னால தள்ளிக் குடுக்கறன்." அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கினார். தூக்கியது அழகாகத்தான் இருந்தது, அதை அவள் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், அந்தத் தோளும் முழங்கையும் ஒரே இழுப்பில் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன, கல்யாணமான புதிதில் இந்த நிற்பைப் பார்க்கவென்றே அவள் கை வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்ததுண்டு. கண்ணைத் திறந்தார். "வட்டம் வந்துச்சுங்களா?" "ம்." "கருப்பு?" அவர் தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார், கொஞ்சம் முன்னால் கொண்டுபோனார், மூக்கின் பக்கம் ஒரு சதை துடித்தது. கருப்புதானே, கருப்பைத் தவிர வேறு என்ன வரும், சொல்லு, வாயைத் திறந்து சொல்லு. "கொஞ்சம் தள்ளு," என்றார். வின்சென்ட் தள்ளினான். "இப்ப?" "ம், இன்னுங் கொஞ்சம்." தள்ளினான். "போதும் போதும், இப்ப நல்லாருக்குது." "தொட்டி மேல ஒண்ணு இருக்குதே, தெரியுதுங்களா?" "ஏன் தெரியாம. காக்கா." வின்சென்ட் தொட்டியைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். அப்புறம் எதற்கோ நாற்காலியில் இருந்த அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் டாக்டரம்மா பேசினாள், அம்சவேணி கண்ணைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டாள், சொல்லாதே தம்பி, உனக்குப் புண்ணியமாகப் போகும், விற்றுவிட்டுப் பேசாமல் இரு. காக்காயோ என்னவோ, அவளுக்கும் அந்தத் தூரத்தில் வெறும் கறுப்புதான், ஆனால் காக்காய் இவ்வளவு நேரம் அசையாமல் இருக்காது.

வின்சென்ட் வியாபாரி, வாங்க வந்தவர் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. "சில சமயம் கண்ணாடிலயே கோளாறு இருக்குமுங்க்ணா, இன்னொருத்தர் பாத்தாத் தெரிஞ்சிரும். அக்கா, நீங்க ஒருக்காப் பாருங்க." "அவளா?" என்று அவர் சத்தமாகச் சிரித்தார். "அவளுக்கு அடுப்புல பால் பொங்கறதே தெரியாது. ஏய், போ, போய்ப் பாரு, துப்பாக்கியைத் தூக்கிட்டுக் கீழ உளுந்து வெக்காத." அவள் எழுந்தாள். வேண்டாமுங்க என்று சொல்லியிருக்கலாம். முட்டி வலிக்குதுங்க, கண்ணாடி கொண்டாரலீங்க, எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். துப்பாக்கி நினைத்ததைவிடக் கனமில்லை. பிடித்துத் தூக்கியபின்தான் கட்டை எந்தத் தோளில் போய் உட்கார்ந்தது என்று தெரிந்தது, பீச்சாங்கைப் பக்கம், வழுவழுப்பான மரம் கன்னத்தில் குளிர்ந்தது, கண்ணைத் திறந்தாள். வட்டம். முழுசாக இல்லை, இடது ஓரத்தில் பிறை போலக் கருப்பு, ஆனாலும் என்ன வெளிச்சம். தொட்டியின் சிமெண்டில் பாசி தனித்தனியாகத் தெரிந்தது, ஒரு எறும்புச் சாரை ஏறிக்கொண்டிருந்தது, எறும்புகள் எதையோ தூக்கிக்கொண்டு போவதுகூடத் தெரிந்தது, குழாய்ப் பூட்டில் யாரோ கட்டிய சிவப்புக் கயிறு, ஈரம் காயாத ஒரு கை அடையாளம். இத்தனை நாளும் இதையெல்லாம் யாரிடம் கொடுத்துவைத்திருந்தாள், எழுத்து நண்டாக ஊர்ந்தவளின் கண்ணா இது. பார்வையை மேலே ஏற்றினாள், விளிம்பில் அந்தக் கறுப்பு. பின்னாலிருந்து அவர், "என்ன, காக்கா பறந்துருச்சா?" என்றார், அந்தக் குரலில் இருந்த இளக்காரம், இலையை மடித்த அதே இளக்காரம், அது வந்து பிடரியில் பட்டதும் அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது. "காக்கா இல்லீங். செருப்பு. பொம்பளைச் செருப்பு, ஒத்தைதான் இருக்குது, வாரு அந்து போய் ஊக்கு குத்தியிருக்குது. ஊக்கு துருப்புடிச்சிருக்குது."

சொல்லி முடித்தபின்தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. மேலே காற்றாடி கறகறத்தது. வின்சென்ட் மெதுவாக, "கரெக்டுங்க்கா," என்றான், அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் துப்பாக்கியை இறக்கவில்லை, இறக்கினால் திரும்பவேண்டும், திரும்பினால் அவர் முகம் இருக்கும். அடி விழும் என்று கன்னத்தைக் கட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டாள், கடையில் அடிப்பாரா, அடிப்பார், பஸ் ஸ்டாண்டில் அடித்திருக்கிறார். தேவடியா என்று கத்துவார், கத்தட்டும், துப்பாக்கியைப் பிடுங்குவார், பிடுங்கட்டும், காக்காய் என்றாயே, செருப்பைக் காக்காய் என்றாயே, குருடா. அந்தச் சொல் உள்ளே எழுந்து நின்று ஆடியது, ஆடிக்கொண்டிருந்த போதே அவள் தோளில் ஒரு கை வந்து படிந்தது. அடிக்கிற கனம் அதில் இல்லை. "ஊக்கு வரைக்கும் தெரியுதா உனக்கு?" என்றார் திருமூர்த்தி, மெதுவாக, ரொம்ப மெதுவாக. அப்புறம் வின்சென்டிடம், "இவளுக்கு அளந்து மாட்டுப்பா," என்றார். "உங்க லைசென்ஸ் துப்பாக்கிங்களேண்ணா." "இவ பேரையும் லைசென்ஸ்ல சேத்துக்கறன், அதென்ன அது, ரீட்டெய்னரு, அதுல போட்டுக்கறன். நான் பக்கத்துல நிக்கறன், இவ சுடட்டும்." வின்சென்ட் நல்ல மனதோடு சிரித்தான், பிரச்சினை தீர்ந்த சிரிப்பு. "அக்கா நல்லாச் சுடுவாங்க, பீச்சாங்கைக்காரங்களுக்கு நெதானம் ஜாஸ்தி. ஆனாக் கொரங்கு தூரத்துலயே ஓடிருமுங்க்ணா, கிட்ட வரவிடாது." "இது ஓடாது," என்றார் அவர். "இவளைக் கண்டா வாலாட்டிட்டுப் பக்கத்துல வந்து நிக்கும். இவதான சோறு போடறா." "கொரங்குக்குச் சோறு போடுவீங்களாக்கா?" என்று வின்சென்ட் கேட்டான். அவருடைய கை அவள் தோளை ஒரு முறை அமுக்கியது. "போடுவா போடுவா," என்றார்.

"எனக்குத் தெரியலீங்," என்றாள் அம்சவேணி. "மங்கலா இருக்குதுங், தலை சுத்துது, பிரஷர் மாத்திரை போடல." "இப்பத்தானக்கா துருவைக்கூடச் சொன்னீங்க," என்றான் வின்சென்ட், கையில் சின்ன அறுகோணச் சாவியோடு பக்கத்தில் வந்து நின்றான். "அந்தக் கருப்பு வருதுல்ல, அதனாலதான் தலை சுத்துது. தள்ளி வெச்சாச் சரியாப் போயிரும். கண்ணை மூடிக்கங்க. கன்னத்தை வைங்க. ம், தொறங்க." திறந்தாள். வட்டம், நடுவில் இரண்டு மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நின்றன, இடது ஓரத்தில் அந்தப் பிறைக் கருப்பு இன்னும் இருந்தது, இருந்தால் குண்டு எங்கேயாவது போகும், அப்படித்தானே இவனே சொன்னான், முழுசாத் தெரியுதுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்படியே இறுக்கிவிடுவான், அப்புறம் அவள் எப்படிப் பிடித்தாலும் குறி விலகும், பொட்டு பிழைத்துக்கிடக்கும், அவருக்கு அது தெரியவே தெரியாது, அவரால் பார்த்துச் சரிபண்ணவும் முடியாது. முழுசாத் தெரியுதுங்க. அவ்வளவுதான். சோற்றில் கல்லாட்டம் அந்தக் கருப்பு ஓரத்தில் நின்றுகொண்டு உறுத்தியது. "அம்மிணி," என்றார் அவர், காதுக்குப் பக்கத்தில். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலமாயிற்று, மகள் பிறந்த அன்றைக்குச் சொன்னாரோ என்னவோ, வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். மூச்சில் வெற்றிலை வாசம். "அவசரமில்ல, நல்லாப் பாத்துச் சொல்லு அம்மிணி. உனக்கு எது தோதோ அது." உனக்கு எது தோதோ. கடையில், மூன்றாம் மனிதன் எதிரில், அந்தப் பீச்சாங்கையில் அவள் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வெட்கங்கெட்ட உடம்பு, அந்தச் சொல் இன்னொரு முறை வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. எறும்புகள் தொட்டியின் விளிம்பில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தன.

"முழுசா இருக்குதுங்களாக்கா?"

"இல்லீங்," என்றாள். "இடப்பக்கம் கருப்பு நிக்குது. இன்னுமொரு நூல் பின்னால இழுங்க."

வின்சென்ட் இழுத்தான். "இப்ப?"

"இப்பச் சரி," என்றாள் அம்சவேணி. அவன் திருகாணிகளை இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாக இறுக்க ஆரம்பித்தான். அவன் முடிக்கும்வரைக்கும் அவள் அசையாமல் நின்றாள்.